உடைக்காத பூசணி

செம்பாக்கத்தில் எங்களுக்கு இருப்பது முக்கால் கிரவுண்டு. வீடு போக மீந்த மண்ணில் வெண்டை, கத்திரி, கீரை, நான்கு கோழிகள். மருந்தடித்து லாரியில் வரும் காய் நமக்கு வேண்டாம் என்று ஆரம்பித்து வைத்தவன் நான். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் சொல்கிறானே என்று அப்பாவும் அம்மாவும் தலையாட்டினார்கள். கோழி எருவைக் கூட்டிப் போட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி அதை நடத்தியது என்னவோ அம்மாதான்.

அந்த வருஷம் பூசணிக்கொடி சிமெண்ட் ஷீட் கூரைமேல் ஏறி ஒரே ஒரு காய் விட்டது. உடம்பெல்லாம் சாம்பல் பூத்து, கனமாக உட்கார்ந்திருந்தது. கூட்டுக்குக் காய், அடுத்த போகத்துக்கு விதை என்பது அம்மாவின் கணக்கு.

ஆயுத பூஜையன்று காலையில் அப்பா கூரையேறி அதை அறுத்துவிட்டார். திருமுடிவாக்கத்தில் அவர் லேத் ஓட்டும் பட்டறையில் திருஷ்டி சுற்றி உடைக்க, எங்கள் வீட்டுக் காயையே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாராம்.

அம்மா வழிமறித்தாள். "இன்னாய்யா இது? நான் ஊத்தி வளத்தது ரோட்ல ஒடையவா?"

"எல்லார் முன்னாடியும் வாக்கு குட்த்துட்டேன்மே."

"அப்போ உன் மண்டைய ஒடை. உள்ள எதனா கீதான்னு பாப்போம்."

"நீ சொல்லுடா படிச்சவனே" என்று அப்பா என் பக்கம் திரும்பினார். நம் மண், நம் விதை என்று நான் தொடங்கினேன். "இவன் வேற!" என்றவர், காயைப் பையில் போட்டு பைக் டேங்க்மேல் வைத்துக்கொண்டு போயே விட்டார். அம்மா அன்று கொடிக்குத் தண்ணீரே ஊற்றவில்லை.

சாயங்காலம் பைக் வந்தது. டேங்க்மேல் அதே பை. அம்மா அவரை வாசற்படியிலேயே நிறுத்தினாள். திருஷ்டி சுற்றிய காயை வீட்டுக்குள் விடமாட்டாள்.

"சுத்துனதா?"

"பையவுட்டே எடுக்கலமே. போற வழியில கடையில ஒண்ணு வாங்கினேன். அத்த ஒடைச்சாச்சு."

"ஏன், இதுக்கு இன்னா கேடு?"

அப்பா ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்றினார். "கடைக்காய் எந்த ஊர்ல காச்சுதோ, எவன் வளத்தானோ. தூக்கிப் போட கை வந்துச்சு. இது இத்தினி நாளா நம்ம தலைக்கு மேல படுத்துகினு இருந்திச்சே."

அம்மா காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். அப்பா பட்டறையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த தேங்காய் மூடியை நீட்டினார்.

"கூட்டுக்கு ஆவும்ல?"

"ஆவும். துருவிக் குடு" என்றாள், தலை நிமிராமல்.