எரியா, ஏரியா?

எங்க வீட்டுக்காரர் எதையும் கீழேயிருந்து மேலே படிக்கிற ஆளு. பொய் சொல்லலை. மெட்ராசிலிருந்து ஆராய்ச்சிப் பத்திரிகை தபால்ல வந்தா, கட்டுரைத் தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டாரு. நேரா ஒவ்வொரு பக்கத்தோட அடிக்குப் போயி, பொடி எழுத்துல இருக்கிற அடிக்குறிப்புல தம் பேரு இருக்கான்னு தேடுவாரு. இல்லைன்னா பத்திரிகையை மடக்கி வச்சிட்டு, குழம்புல உப்பு இல்லைம்பாரு. உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும்.

அவரு புதுக்கோட்டையில காலேஜுல சரித்திரம் நடத்திக்கிட்டிருந்தாரு. சமஸ்தானம் இருந்த காலம். யுத்தத்துல காகிதம் கிடைக்காம பத்திரிகையெல்லாம் இளைச்சுப் போயிருந்துச்சு. சுத்துப்பட்டுல எந்தக் கல்லுல எழுத்து இருந்தாலும் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவாரு. கறம்பக்குடிப் பக்கம் எங்க அப்பா ஊருக்குப் போற வழியில ஒரு கல்லு. அதுல 'எரி காத்தான்'னு ஒருத்தனுக்கு நிலம் விட்டிருக்காங்கன்னாரு. எரின்னா நெருப்பு. அணையாத நெருப்பை வளர்த்து, அதைக் காவல் காத்த ஒரு கூட்டமே நம்ம சீமையில இருந்திருக்குன்னு நீளமா எழுதி அனுப்பிச்சாரு. அச்சுலயும் வந்துச்சு. அதுக்கப்புறந்தான் இந்த அடிக்குறிப்புப் பைத்தியம் முத்துச்சு.

ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எடுத்துக் காட்டினா, 'எடுத்தாண்டார்'னு சொல்லணுமாம். எங்க அப்பா வந்திருந்தப்ப, என் கட்டுரையை இன்னும் யாரும் எடுத்தாளலை மாமான்னு இவரு முறையிட்டாரு. அப்பா வெள்ளாமை பார்க்கிறவரு. ஒரு பொருள் களவு போகலைன்னு எதுக்கு மாப்பிள்ளை வருத்தப்படுறீங்கன்னு கேட்டாரு. நான் அடுப்படியில முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

ஒருவழியா ஒருநாள் அடிக்குறிப்பு வந்துச்சு. இந்தா, இங்கிட்டு வான்னு கூப்பிட்டுப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சாரு. படிக்கப் படிக்கச் சத்தம் இறங்கிக்கிட்டே போச்சு. மெட்ராசுப் பண்டிதர் ஒருத்தர், இன்னார் இந்தக் கல்லைத் தப்பாப் படிச்சிட்டாருன்னு எழுதியிருந்தாரு. பழைய கல்வெட்டுல எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே எழுத்துத்தான். குறிலா நெடிலான்னு படிக்கிறவங்கதான் கண்டுக்கணும். அது எரி இல்லை, ஏரி. நெருப்பும் இல்லை, கூட்டமும் இல்லை, ஏரியைக் காத்த ஒரு ஆளு, அவ்வளவுதான்.

எழுத்து ஒண்ணுங்கிறது இவருக்குத் தெரியாததில்லை. ஆனா எங்க பக்கம் ஏரின்னு யாரு சொல்றா? பிறந்ததுலேருந்து கண்மாய், கண்மாய்னுதான் சொல்லுவோம். ஏரிங்கிற சொல்லே அவரு நெனைப்புக்கு வரலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுபோச்சு.

அதோட விட்டாங்களா? தஞ்சாவூர்ல ஒருத்தரு, யாழ்ப்பாணத்துல ஒருத்தரு, கல்வெட்டை எப்படிப் படிக்கக் கூடாதுன்னு எழுதுற அத்தனை பேரும் இவரையே எடுத்தாண்டாங்க. நான் சும்மா இருப்பனா? அடுப்பை நான் மூட்டட்டுமா, இல்லை எரி காக்கிறவரு நீங்களே பார்த்துக்கிறீங்களான்னு கேட்பேன். மூஞ்சியைத் திருப்பிக்குவாரு.

அந்த வருசந்தான் சரித்திர இலாகாத் தலைவரு ஓய்வு பெற்றாரு. அந்த எடத்துக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் இவரு. இன்னொருத்தரு இவருகிட்டயே படிச்சு, இவரு சிபாரிசுல அங்கேயே வேலைக்குச் சேர்ந்த சின்ன வயசுக்காரரு. பதவி அவருக்குப் போயிருச்சுன்னா, தன்கிட்டப் படிச்சவருக்குக் கீழே இவரு காலம் தள்ளணும். அதை நெனைச்சு நெனைச்சே இவருக்குச் சோறு எறங்கலை. கேலி பண்ணினாலும், நானும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கிட்டேன்.

பிரின்சிபால் மலையாளத்துக்காரரு, கணக்குப் படிச்சவரு. தமிழ் பேசுவாரு, படிக்க வராது. உங்க ரெண்டு பேரு ஆராய்ச்சியில எது ஒசத்தின்னு எனக்குத் தெரியாது, வெளியூர்ப் பண்டிதருங்க யாரை அதிகமா எடுத்துக் காட்டியிருக்காங்களோ அவருக்கே பதவின்னுட்டாரு. பேருக்கு அடியில சிவப்புப் பென்சிலால கோடு போட்டுப் பத்திரிகைகளைக் கொண்டாங்க, நான் எண்ணிக்கிறேன்னாரு. கத்தரிக்காய் வாங்குறவங்ககூட ஒரு தடவை திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாங்க.

வைதாலும் பேரு பேருதானேங்க, அவரு எண்ணத்தானே போறாரு, படிக்கவா போறாரு, கோட்டைப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன். சேச்சே, அது நல்லாயிருக்காதுன்னு சொல்லிக்கிட்டே பென்சிலைச் சீவினாரு. சீவின அழகைப் பார்க்கணுமே!

பத்திரிகைகளைக் கொண்டுபோன அன்னிக்குச் சாயங்காலம் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்தாரு. கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். பிரின்சிபால் கோடுகளை எண்ணி அசந்து போனாராம். அந்தச் சின்னவருக்கு ரெண்டே ரெண்டு கோடு. அதுலயும் ஒண்ணு அவரு மாமனாரு எழுதின பாராட்டு. பிரின்சிபால் எந்திரிச்சு இவருக்குக் கை கொடுக்க வந்தப்ப, இது அத்தனையும் நான் செஞ்சது தப்புன்னு எழுதினதுங்கன்னு இவரே சொல்லிட்டாராம். பிரின்சிபால், அப்ப இதையெல்லாம் கூட்டணுமா கழிக்கணுமான்னு கேட்டாராம். கழிச்சிருங்கன்னாராம். பதவி சின்னவருக்குப் போயிருச்சு.

எனக்கு வந்துச்சே கோவம். ஊரே வையுறப்ப வராத ரோசம், கை கொடுக்க வந்தப்பத்தான் வந்துச்சாக்கும், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா ஒங்களுக்குன்னு பிடிபிடின்னு பிடிச்சேன். நான் ஓஞ்சப்புறம் சொன்னாரு.

"அந்தச் சின்னவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே. பக்கத்து நாற்காலியிலதான் இருந்தான். விரிச்சு வச்ச பக்கமெல்லாம் அவன் கண்ணுல பட்டுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை அவனுக்கு. சொல்லலை. எனக்காகத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துக்கிட்டே நான் எப்படிக் கையை நீட்டுறது?"

என் நாக்குல எந்நேரமும் நாலு கேலி தயாரா இருக்கும். அன்னிக்கு மட்டும், இந்த மனுஷனைப் போயி இத்தனை நாளும் ஏசிக்கிட்டிருந்தோமேன்னு இல்லை, இவரு எனக்கு வாய்ச்சாரேன்னு அழுகை வந்துச்சு. அவரு பாட்டுக்கு எந்திரிச்சு சைக்கிளை வெளியே எடுத்தாரு. இப்ப எங்கிட்டுப் போறீங்கன்னு கேட்டேன்.

"அவன் இங்க வர வெக்கப்படுவான். நானே போயி வாழ்த்திட்டு வாரேன்."

கொஞ்சம் இருங்க, நானும் வாரேன்னு சேலையை மாத்தப் போனேன்.