அடுப்பக்காவுக்குத் தெரியாத அடுப்பு

கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிற பெண்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான். அதனால் அடுப்பக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. தோளில் கருவிப் பை, கையில் சோப்புத் தண்ணீர் டப்பா. பர்னரைக் கழற்றி அடைப்பெடுப்பாள், குழாயை மாற்றுவாள், கடைசியில் இணைப்பு முழுக்க நுரையைத் தடவி வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "கேஸ் கசிஞ்சா குமிழி வரும். வருதா? வரலை. போய் நிம்மதியா வேலையைப் பாருங்க." அவள் சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அவளுடைய மகளைத் தவிர.

மகளுக்குப் பதினைந்து வயதில் அது தொடங்கியது. கிளம்பும்போது, "அம்மா, அடுப்பு அணைஞ்சிருக்கா?" என்பாள். அணைந்திருக்கிறது என்று சொன்னால் நான்கு படி இறங்கிவிட்டு, திரும்ப ஏறி வந்து மறுபடியும் கேட்பாள். தன்னால் மொத்தக் குடியிருப்பும் எரிந்துபோகும் என்று உடம்பு நடுங்க அழுவாள். அடம் என்றால் அடக்கிவிடலாம். இது அடம் இல்லையே!

கைத்தொழில் தெரிந்த திமிர் இருக்கிறதே, அது பொல்லாதது. அடுப்பக்கா இதை அடுப்பின் கோளாறாகவே எடுத்துக்கொண்டாள். மகள் கேட்கும்போதெல்லாம் நுரை தடவிக் காட்டினாள். போதாதென்று, அடுப்பைத் திருப்புகிற நாப் இரண்டையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நாப்பே இல்லாத அடுப்பை எந்தப் பிசாசு வந்து பற்றவைக்கும்? அன்று பள்ளி இடைவேளையிலேயே போன் வந்தது. "அம்மா, நாப் பையில இருக்கா? தொட்டுப் பார்த்துச் சொல்லேன்." ஒரு நாளைக்கு இருபது போன். யார் வீட்டுச் சமையலறையிலோ குப்புறப் படுத்தபடி பையைத் துழாவித் துழாவி அவளுக்குக் கையே ஓய்ந்துபோனது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ரெண்டு போடு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார் அவளுடைய அண்ணன். கீழ்வீட்டு டீச்சரம்மா, "எனக்கும் இந்த ஓசிடி, அதான் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற வியாதி, இருக்கு. பாத்திரம் பளபளன்னு இல்லன்னா தூக்கமே வராது" என்று பெருமையாகச் சிரித்தார். லாரி ஓட்டுகிற கணவர் மாதத்தில் இருபது நாள் வெளியூர் என்பதால், அப்பா கண்டிப்பு இல்லாத குறை என்று வேறு சிலர் கண்டுபிடித்தார்கள். ஆலோசனைதான் இலவசமாயிற்றே, அள்ளி வீசினார்கள்.

கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்த மனநல டாக்டரம்மா மட்டும்தான் விஷயத்தைச் சொன்னார். "நீங்க பதில் சொல்லச் சொல்ல அந்தப் பயம் வளருது. இனிமே அவ கேட்டா, தெரியாதுன்னு சொல்லுங்க." மகளும் தலையாட்டி ஒப்புக்கொண்டாள்.

தெரியாதா! இருபது வருஷத் தொழில்காரி, சொந்த வீட்டு அடுப்பைப் பற்றித் தெரியாது என்று சொல்ல வேண்டுமாம்! முதல் நாள் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள். மகள் முக்கால் மணி நேரம் அழுதாள். அடுப்பக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தானும் அழுதாள்.

அடி போடச் சொன்ன அதே வாய்கள் இப்போது கட்சி மாறின. "பிள்ளை கெஞ்சுது, ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?" "ஊர் அடுப்பெல்லாம் பார்க்கறவளுக்கு சொந்த அடுப்பு தெரியாதாம்!" நறுக்கென்று திருப்பிக் கொடுக்க அவளுக்கா தெரியாது? பல்லைக் கடித்துக்கொண்டாள். கையில் இருக்கும் கொஞ்சம் தெம்பை மகளுக்குச் செலவழிப்பதா, இவர்களுக்குச் செலவழிப்பதா?

மகள் பள்ளி வாலிபால் அணியில் இருந்தாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்தே, போட்டிக்குப் போகிற பஸ்ஸை இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். மூன்றாவது முறை வராவிட்டால் இடம் வேறொருத்திக்கு என்று கோச் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் பஸ்.

ஆறே முக்காலுக்கு மகள் காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கண் சமையலறைப் பக்கமே போனது.

"அம்மா, அடுப்பு அணைஞ்சிருக்கா?"

"தெரியாதுடா கண்ணு."

"ஒரே ஒரு தடவை சொல்லிடும்மா. இன்னைக்கு மட்டும்."

"தெரியாதுடா."

சத்தம் கேட்டு டீச்சரம்மா மேலே வந்துவிட்டார். "என்னம்மா நீ, இன்னைக்குப் போயி! நகரு. நான் பார்த்துச் சொல்லிடறேன். பிள்ளை சந்தோஷமா போகட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இரண்டு மாதப் பாடு மண்ணாகிவிடும். அடுப்பக்கா குறுக்கே கையை நீட்டப் போனாள். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"வேணாம் ஆன்ட்டி, பார்க்காதீங்க." கன்னத்தில் கண்ணீர் ஓடியது. "நீங்க சொன்னா, எனக்கு இன்னொரு தடவை கேட்கணும்னு தோணும். எனக்கு வந்திருக்கிறது அந்த மாதிரி வியாதி. தெரியாமலே போய்ப் பழகறேன்."

டீச்சரம்மா வழிவிட்டு ஒதுங்கினார். மகள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். நான்காவது படியில் நின்றாள். கைப்பிடியை இறுகப் பிடித்தாள். மகள் திரும்பிப் பார்க்காமல் ஐந்தாவது படியில் கால் வைத்தாள். அப்புறம் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

என் பிள்ளை! என் வயிற்றில் பிறந்தவள்! அடுப்பக்காவுக்குத் தெருவே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது.

கதவைப் பூட்டப் போனவளுக்கு, ஒரு எட்டு உள்ளே போய் அடுப்பைப் பார்த்துவிடலாமா என்று கை பரபரத்தது. அடச்சீ என்று தலையில் தட்டிக்கொண்டு, பார்க்காமலே பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று முழுக்க ஒரு போன்கூட வரவில்லை.

சாயங்காலம் மகள் முழங்கால் சிராய்ப்போடு வந்து கட்டிலில் விழுந்து தூங்கிப்போனாள். அண்ணன் போன் செய்தார்.

"என்ன, ஜெயிச்சாங்களா?"

"இல்லண்ணா, தோத்துட்டாங்க."

"தோத்ததுக்கா இவ்வளவு சந்தோஷமா பேசற? என்ன பொம்பளை நீ!"

"பஸ் ஏறினாண்ணா" என்றாள் அடுப்பக்கா. "ஏழு மணி பஸ்ஸை நேரத்துக்குப் பிடிச்சு ஏறிப் போனா."