பூத்தட்டியில் நான்கு கிளாம்புகள்

நைரி பிடிவாதக்காரி. அவளைப் பிடித்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், பிடிக்காதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷம் ஜன்னல் திரை தைத்தவள். பிப்ரவரி நிலநடுக்கத்தில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரம் குலுங்கியபோது தையல் பட்டறை தரையோடு படுத்துவிட்டது. வீட்டுக்குள்ளும் மண்ணுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறச் சேறு பொங்கி நின்றது. மூன்று வாரம் அதைத் தள்ளுவண்டியில் வாரிக் கொட்டினாள். பிறகு, ஐம்பத்தாறு வயதில், ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு வேலி போடுகிற ஆட்களோடு சேர்ந்தாள்.

எந்தக் கட்டடம் எப்போது விழும் என்று தெரியாததால் நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் கம்பிவலை வேலியால் வளைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு தட்டியும். தட்டிக்குக் கீழே கான்கிரீட் பாதம். தட்டியும் தட்டியும் சேருகிற இடத்தில் இரண்டையும் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்பு. வெளியாள் கழற்றிவிடக் கூடாது என்று அதன் திருகை உள்பக்கம் வைத்து முறுக்குவார்கள். ஒவ்வொரு சந்துக்கும் பின்கோடியில், வால் முனையில், ஒரு தட்டிக்கு மட்டும் கிளாம்பு கிடையாது, வெறும் கொக்கிதான். மறுபடி பூமி ஆடினால் உள்ளே இருப்பவன் உதைத்துத் தள்ளிவிட்டு ஓட வேண்டுமே, அதற்காக.

செத்தவர்களுக்காக ஜனங்கள் அந்த வேலியில்தான் பூக் கட்டினார்கள். வேலிக்காரர்கள் காய்ந்த காம்பைக்கூடப் பிடுங்க மாட்டார்கள். தட்டியை நகர்த்த வேண்டி வந்தால், பூ சாயாமல் இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்து நடப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அப்படியே பழகிவிட்டது.

வால்மெய் என்கிற அம்மாளின் மகள் இறந்தது நைரி வேலி போட்ட ஒரு சந்தில். அம்மாள் திங்கள்தோறும் வந்து வால் முனைத் தட்டியில் பூக் கட்டுவாள். கொக்கித் தட்டி காற்றுக்கு நிற்குமா? ஒரு திங்கள் வந்து பார்த்தபோது குப்புறக் கிடந்தது. அம்மாள் சேற்றில் குந்தி ஒவ்வொரு பூவாகத் துடைத்தாள். நைரியால் பார்க்க முடியவில்லை.

"எந்திரிங்க. இனிமே இந்தத் தட்டி விழாது. நான் சொல்றேன்."

அன்று மாலையே பக்கத்துக்கு இரண்டாக நான்கு கிளாம்பு போட்டு, உடம்பின் பலத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினாள். கொக்கியைப் பக்கத்துத் தட்டிக்கு நாளைக்கு மாற்றலாம் என்று நினைத்தாள். நாளைக்கு வேறு தெருவில் வேலை வந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டு வாரம் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில் டூகல் வந்து சேர்ந்தான். பெயர்ப்பலகை எழுதுகிறவன், ஒன்பது வருஷம் நைரிக்குப் புருஷனாக இருந்தவன். பிரிந்த பிறகும் அவனுக்கு முடி வெட்டிவிடுவது அவள்தான். அதே சந்தில் ஒரு கட்டடத்தை இடித்ததில் பக்கத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர் மொட்டையாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்த சுவர்களிலெல்லாம் அப்போது படம் வரைந்துகொண்டிருந்தார்கள். இவனும் அனுமதி வாங்கி, பெரிய விலாங்கு மீன் ஒன்றைத் தொடங்கியிருந்தான். அந்தத் திங்கள் சந்து வாசலில் காவல் நைரியுடையது.

"பேரு?"

"ஒம்போது வருஷம் கத்திக் கத்திக் கூப்பிட்டியே, மறந்துபோச்சா?"

"நோட்டுல எழுதணும். ஹெல்மெட்டைப் போடு. மூணு மணிக்கு வெளிய நிக்கணும்."

"மீனு எப்படி இருக்கு?"

"கண்ணு உங்கம்மா கண்ணு மாதிரியே இருக்கு."

"அதான் போறவன் வர்றவன்லாம் மிரள்றான்!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். மத்தியானம் ஒரு மணி இருக்கும். தரைக்கு அடியில் லாரி போவது போல உறுமல் கேட்டது, அடுத்த நொடி தெரு துள்ளியது. சந்து வாசலில் மேல்மாடிச் செங்கல் சரிந்து வழியை மூடியது. ஒரே தூசி. ஒன்று வந்தால் இன்னொன்று வரும் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"டூகல்!"

"இருக்கேன்!" தூசிக்குள்ளிருந்து குரல் வந்தது. "பெயின்ட்டு போச்சு!"

வேலி மேஸ்திரி தவிட்டா, சமோவாத் தீவுப் பையன், ஓடி வந்து சந்துக்குள் பார்த்துக் கத்தினான். "பின்பக்கமா போங்க! கொக்கித் தட்டியைத் தள்ளிட்டு வாங்க!"

நைரி அவன் கையைப் பிடித்தாள்.

"தவிட்டா, அதுல கொக்கி இல்ல."

"என்ன சொல்றீங்க ஆன்ட்டி?"

"நாலு கிளாம்பு. நான்தான் போட்டேன்."

பதிலுக்கு நிற்கவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு சந்தின் பின்பக்கம் ஓடினாள். வால்மெய் அங்கே பூங்கொத்தோடு நின்றாள். தட்டிக்கு அந்தப் பக்கம் டூகல்; அவன் தலைக்கு மேலே சுவர், பல்லிடுக்கிலிருந்து சோறு உதிர்வது போலச் சுண்ணாம்பை உதிர்த்துக்கொண்டிருந்தது.

"திருகு உன் பக்கம் இருக்கு. புடி!" ஸ்பானரை வேலிக்கு மேலே வீசினாள். அவன் பிடிக்கவில்லை, கீழே விழுந்தது, தேடி எடுத்தான்.

"எங்கடி திருகு? ஒரே பூவா இருக்கு!"

நைரி கையை உயர்த்தினாள், அப்படியே நின்றுவிட்டாள். வால்மெய் நிற்கவில்லை. கடிதம், ரிப்பன், பூ என்று இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தாள். "பாத்துட்டே நிக்கறீங்களே, பிடுங்குங்க!"

மேல் திருகு கழன்றது. கீழ்த் திருகு அசையவில்லை. பெயின்ட் கையில் ஸ்பானர் வழுக்கியது.

"எந்த மாடு இதை முறுக்குச்சு?"

"நான்தான்."

ஒரு நொடி அவளை ஏறிட்டுப் பார்த்தான். "உன்னைத் தவிர வேற யாரு!"

"பேசாத. கையைச் சட்டையில துடை. உன் இடது பக்கம் திருப்பு. காலால மிதி!"

மிதித்தான். இன்னொரு மிதி. திருகு கிறீச்சிட்டது. வெளியிலிருந்து பெண்கள் இருவரும் தட்டியைப் பிடித்து இழுக்க, அது பூவோடு கவிழ்ந்தது. மிதித்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. மூவரும் சாலையைத் தாண்டிப் பூங்காப் புல்லில் விழுந்தபோது இரண்டாவது ஆட்டம் வந்தது. முதலாவது அதற்குத் தம்பி. விலாங்கு வாலிலிருந்து தலைவரை ஒரு முறை நெளிந்தது. சுவர் மொத்தமும் சந்துக்குள் இறங்கியது.

வால்மெய் நைரி பக்கம் திரும்பினாள். "எனக்காகவா முறுக்குனீங்க?"

"எனக்காக. நீங்க சேத்துல பொறுக்கறதை என்னால பாக்க முடியல."

தவிட்டா மூச்சிரைக்க வந்தான். நைரி அவனை உட்காரக்கூட விடவில்லை.

"நோட்டுல எழுது. நாலு கிளாம்பு. ரெண்டு வாரம். யார்கிட்டயும் சொல்லல."

"அப்புறம் பேசலாம் ஆன்ட்டி."

"இப்பவே எழுது."

டூகல் நடுவே புகுந்தான். "கொக்கிதான் இருந்துச்சு தம்பி. எனக்குத்தான் தள்ளத் தெரியல."

"நீ சும்மா இரு. ஒம்போது வருஷத்துல எனக்காக ஒரு பொய் சொல்லல. இப்ப ஆரம்பிக்காத."

தவிட்டா எழுதினான். அவள் படித்துப் பார்த்து, இரண்டு வாரம் என்பது விட்டுப்போயிருக்கிறது என்று திருத்தச் சொல்லி, கையெழுத்துப் போட்டாள். ஆறு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது திருகு வேலை கொடுக்கவில்லை. கான்கிரீட் பாதம் தூக்கச் சொன்னார்கள். தூக்கினாள்.