டீச்சர் வண்டிக்கு ஒரு கேசட்

சைக்கிள் ரிப்பேர் தொழிலில் பஞ்சர் ஒட்டும் வரைக்கும் நிம்மதிதான். கியர் வண்டி கடைக்குள் நுழைந்த அன்றே அது போய்விடும். பின்சக்கரத்தின் நடுவில் சின்னதும் பெரிதுமாக அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களுக்குக் கேசட் என்று பேர். ரோடு பைக் என்கிற மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளுக்கு அதை மாற்ற அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். தர்மபுரியில் இருந்துகொண்டு அலைந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

முப்பத்தி நாலு

சுமதி டீச்சருக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. நாற்பது வயதில் ரோடு பைக் ஓட்டப் பழகியவர். வத்தல்மலை ஏறும் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அதுதான் அவருக்கு முதல் போட்டி.

கேசட்டின் பற்கள் தேய்ந்து கூராகியிருந்தன. மாற்றத்தான் வேண்டும். கேசட்டின் பெரிய பல்சக்கரத்தில் முப்பத்தி நாலு பல் இருந்தால் ஏற்றம் லேசாக இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது சரிதான். ஆனால் அவர் வண்டியில் செயினைத் தள்ளிக் கியர் மாற்றுகிற கை குட்டை, இருபத்தெட்டுக்கு மேல் தாங்காது. அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புரியுதுங்கண்ணா. முப்பத்தி நாலே போட்டுருங்க."

ஒன்று கூட

எப்படியோ இருபத்தெட்டுக்குச் சம்மதிக்க வைத்து, பெங்களூரில் வழக்கமாக வாங்கும் ஆளிடம் சொன்னேன். டீச்சர் வண்டிக்குப் பத்து பல்சக்கரம் உள்ள கேசட்தான் சேரும் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். பெட்டியைப் பிரித்தால் பதினொன்று. மாட்டிப் பார்த்தேன், கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையம் இறுகவில்லை. போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது. போன் போட்டால் அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதானேங்க கூட இருக்கு, அதைக் கழட்டி வெச்சிட்டுப் போடுங்க."

செயின்

சரியான கேசட் போட்டிக்கு முந்தின நாள் வந்தது. இப்போது செயின் வம்பு செய்தது. பழைய செயின் நீண்டுபோயிருந்தது. புதுப் பற்களில் சரியாக உட்காராது. புதுச் செயின் என்னிடம் இல்லை, சேலத்தில் விசாரித்தேன், அங்கேயும் இல்லை. "ஓட்டாதீங்க டீச்சர்" என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர், "பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்ணா" என்றார். பழைய செயினோடே புதுக் கேசட்டைப் போட்டு, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி மாட்டிக் கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. அனுப்பிவிட்டேன்.

கையால் சுற்றுவது வேறு, எழுந்து நின்று மலையில் மிதிப்பது வேறு. அது எனக்குத் தெரியும். மூன்றாவது வளைவில் செயின் நழுவி, டீச்சர் தார் ரோட்டில் விழுந்தார். முழங்கையும் முட்டியும் உரிந்துபோக, மீதி மலையைத் தள்ளிக்கொண்டே ஏறியிருக்கிறார். மறுநாள் கட்டோடு கடைக்கு வந்தவரிடம், "தப்பு என்னுதுங்க டீச்சர்" என்றேன். அவர் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "நான் போய்ச் சேரும்போது பேனரைக் கழட்டிட்டு இருந்தாங்கண்ணா."

இன்னொருவர்

அந்த வாரமே மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி ரோடு பைக்கோடு வந்தார். அவருக்கும் கேசட் போயிருந்தது. இந்தத் தடவை விடக் கூடாது என்று, புதுச் செயின் வராமல் கையே வைக்க மாட்டேன் என்றேன். டீச்சர் விழுந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். "நம்முளுக்கு அப்பிடி ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க மாட்டி உடுங்க."

எந்த வண்டிக்கு எந்தக் கேசட் என்று இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டேன், அதை எப்படிச் சொன்னால் மனுஷர் காதில் விழும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.