பட்டியலின் அடியில் விட்ட இடம்

"...பஞ்சுத் தூசின்னு ஒரே ஒரு வரி கோத்துட்டா உன் மிஷினு என்ன ஒடைஞ்சா போயிடும் மச்சான்?"

கேட்டவன் என் தங்கை புருஷன். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், அதனால் எங்களுக்குள் வா, போ தான். அவன் ஆலையில் பஞ்சு அடிக்கிற மிஷினில் நின்றான். நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பின்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே சாரம் பேட்டையில் இருந்த என் வீட்டுக்கு வந்து இப்படிக் கேட்டான்.

விஷயம் இதுதான். வேலையால் வரும் நோய்கள் இன்னின்னவை என்று பல தேசத்தார் ஜெனீவாவில் கூடி ஒரு பட்டியலை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதே பட்டியல் பிரெஞ்சுக்காரன் ஆளுகிற நம் ஊர்ச் சட்டத்திலும் வரவேண்டும் என்று தொழிலாளர் சங்கத்துக் காரியதரிசி எங்கள் அச்சுக்கூடத்தில் ஒரு நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுத்திருந்தார். பட்டியலில் பேர் இருந்தால் அந்த நோய் வேலை கொடுத்தது. இல்லாவிட்டால் உன் உடம்பு, உன் பாடு. முதல் வரியே ஈய விஷம், அதாவது ஈய எழுத்தைக் கோர்க்கிற என் தொழிலின் நோய். பாதரசம் இருந்தது, கல் தூசி இருந்தது. பஞ்சு இல்லை.

ஆலைக்காரர்கள் அதைத் 'திங்கக்கிழமை மூச்சு' என்பார்கள். அந்தப் பேரைக் கேட்ட நாள் முதல் எனக்கு அது மறக்கவில்லை. ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுத் திங்கள் காலை மிஷினுக்கு முன்னால் போனால் நெஞ்சு இறுகும். செவ்வாய், புதன் என்று போகப்போக அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு சமாளிப்பார்கள், அது தூசியை இழுத்துவிடுமாம். மேஸ்திரிக்கோ வேறு கணக்கு. "நேத்து கள்ளுக்கடையில உட்ட மூச்சு இன்னைக்கு எங்கேருந்துடா வரும்?" என்பார். என் மாப்பிள்ளை கள்ளைத் தொட்டதில்லை. கோயிலில் பாடுகிறவன், இப்போது இரண்டாவது அடியிலேயே நின்றுவிடுவான். "இன்னொரு திங்கக்கிழமை மூச்சுன்னு உக்காந்தே, கேட்டுக்கு வெளியதான் உக்காரணும்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"டாக்டர்கிட்ட காட்டுடா" என்றேன்.

"ஆலைக்கு முசியே டாக்டரு வர்றது வியாழக்கிழமை. வியாழக்கிழமை நான் நல்லா இருக்கேனே!" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அதை நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் அச்சுக்கூடத்து ஆளின் உதட்டைத் தூக்கினால் ஈறில் நீலக் கோடு தெரியும், டாக்டர் பார்த்து எழுதிக்கொள்வார். டாக்டர் வருகிற நாளில் ஒளிந்துகொள்கிற நோயை எந்த ஊரில் கூடினாலும் யார் எழுதுவார்கள்?

மறுநாள் காரியதரிசியிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷர்தான். "அங்க இல்லாத ஒண்ணை நாம சேர்த்தா, மொத்தமும் பொய்யினு தூக்கிப் போட்டுடுவாங்கப்பா. மொதல்ல இது வரட்டும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கை எழுத்துப் பெட்டியில் 'ப' இருக்கிற அறைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான்: பட்டியலுக்கு அடியில் ஒரு வரிக்குரிய இடத்தைச் சும்மா விட்டேன்.

"இங்க ஏன் காலியா இருக்கு?" என்றார் காரியதரிசி.

"பார்வைக்கு நல்லா இருக்கும் ஐயா."

அடுத்த திங்கள் விடியற்காலை ஆலைக்கு எதிர்ச்சுவரில் நோட்டீஸ் ஒட்டினோம். பசை காயவில்லை. மாப்பிள்ளை வந்து நின்றான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"உன்னுது எது?"

முதல் வரியைக் காட்டினேன்.

"எங்களுது?"

வெற்றிடத்தில் விரலை வைத்தேன். அவன் திட்டுவான் என்று நினைத்தேன். சங்கு ஊதியது. கேட்டருகே மேஸ்திரி இடுப்பில் கை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் தலைத்துண்டை அவிழ்த்தான். சனிக்கிழமைப் பஞ்சு அதன் மடிப்பில் இன்னும் இருந்தது. ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, அந்த ஈரமான இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.