மழைக்கு மட்டும் குடிவரும் ஊர்

போன வாரம் ஆளில்லாத ஓர் ஊருக்குள் மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முதல் நாள் கண்டியில், ஒரு ஹோட்டலில், காலநிலை நிதி பற்றிய கூட்டம். மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மண்சரிவு அபாயத்தில் இருக்கும் தோட்ட மக்களுக்காக வெளிநாட்டு நிதியில் கட்டிய வீடுகளைத் திரையில் காட்டினார்கள். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை... அழகாகத்தான் இருந்தன. ஆனால் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. ஏன்? அந்தக் கேள்விதான் மறுநாள் என்னை ஓட்டோவில் ஏற்றியது.

ஹுன்னஸ்கிரிய தாண்டி, தேயிலைக்கு நடுவே ஏறினோம். பின்னேரமே மூடுபனி இறங்கிவிட்டது. கற்பாதை தொடங்கும் இடத்தில் டிரைவர் நிறுத்தினார்.

"இதுக்கு மேல ஏறாது மிஸ். கீழ கடையில நிக்கிறேன்."

நடந்தேன். படத்தில் பார்த்த வீடுகள் இருந்தன. கொடிக்கயிறு இல்லை, அடுப்புப் புகை இல்லை, ஒரு நாய்கூட இல்லை. வெளிச்சம் மங்க மங்க, சூரியசக்தித் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே எரிந்தன. யாருக்காக? ஒரு கதவைத் தட்டினேன். உள்ளே என் தட்டலே எதிரொலித்தது.

அப்போது மேல் வரிசையில் ஒரு கதவு திறக்கும் சத்தம். பிறகு பக்கத்துக் கதவு. அதற்கும் பக்கத்துக் கதவு... பனிக்குள் யாரோ வீடு வீடாகத் திறந்துகொண்டு என்னை நோக்கி வருகிறார்கள்!

"யாருங்க அது?"

சாவிக்கொத்துடன் ஒரு பெண். பெயர் செல்வராணி. கொழுந்து பறிப்பவர். அந்த வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

"எதுக்கு எல்லா வீட்டையும் தொறக்குறீங்க?"

"மழை வரப்போகுதுங்க மிஸ். ஆளுங்க வருவாங்க."

மழை வந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே இருட்டிலிருந்து டோர்ச் வெளிச்சங்கள் ஏறி வந்தன. தோளில் பிள்ளைகள், கக்கத்தில் பாய். திறந்திருந்த வீடுகளுக்குள் ஒவ்வொரு குடும்பமாக நுழைந்து மறைந்தது.

அவர்கள் குடியிருக்கும் பழைய லயத்துக்கு, அந்தத் தோட்ட வரிசை வீடுகளுக்கு, மேலே மலை வெடித்திருக்கிறதாம். மழை பெய்தால் வெடிப்புக்குள் சத்தம் கேட்குமாம்.

"யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும் மிஸ்."

"அப்ப எல்லாரும் இங்கயே இருந்திடலாமே?"

"குடிக்கத் தண்ணி வேணாமா? வீட்டுக்குக் காசு வந்துச்சு. பைப்புக்கு அடுத்த தடவைன்னாங்க... இன்னும் வரல. நான் ஒத்த ஆளு. ஒரு கேன் தூக்கியாந்தா போதும். புள்ளகுட்டிக்காரங்க என்ன பண்ணுவாங்க?"

வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போகும் பாதையில் மண் விழுந்து, ஓட்டோவுக்குத் திரும்ப முடியவில்லை. அவர் வீட்டிலேயே படுத்தேன். கண் அயரும் நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து முனகுவது போல. பக்கத்து வீட்டில் பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க. மலைதான்."

ஒண்ணுமில்லையா? பிடித்த கையை அவர் விடவே இல்லை.

விடிந்து பார்த்தால் ஊர் காலி. பெருக்கிய தரை, சாத்திய கதவுகள் — யாருமே வந்து போகாதது மாதிரி. எட்டிப் பார்த்தேன். கீழே லயம் அப்படியே நின்றது. கூரைகளில் அடுப்புப் புகை. தண்ணீர் இருக்கும் இடத்துக்கே திரும்பிப் போயிருந்தார்கள்... அந்த வெடிப்புக்கு நேர் கீழே.

நிதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கூரைகள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் எங்கே ஒதுங்கியிருக்கும்?

கடல் தாண்டி, மலை ஏறி, வீடு வரைக்கும் வந்துவிட்டது காசு. குழாய் வரைக்கும் வர இன்னும் எத்தனை மழை?