தம்பிராஜாவின் கிணற்றுச் சோதனை

மலாய் நாட்டில், காஜா பெராங் பகுதியில் தம்பிராஜாவின் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. கடகடவென்று சத்தம் வருகிற வீடு எதுவோ அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனுஷன் பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் பேப்பரும் மறு கையில் காப்பியுமாக, இரும்பு சிலிண்டர் ஒன்றைக் காலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருப்பார். சிலிண்டருக்குள் கூழாங்கல்லும் துண்டு துண்டாக வெட்டிய சங்கிலியும் கிடந்து உருளும். அப்படி நாலு ஞாயிறு உருட்டினால்தான் உள்ளே பிடித்த துரு முழுவதும் உதிரும். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசி வளர்ந்த பக்கத்துச் செட்டி வீட்டு அம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டித் திட்டுவார். திட்டு முழுக்க மலாயில் இருக்கும். கடைசியில் மட்டும் ‘சாமி’ என்று ஒரு தமிழ் வார்த்தை வரும்.

பிழைப்புக்குத் தம்பிராஜா ஐஸ் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆசைக்கு இந்தச் சிலிண்டர்கள். போர்க்காலத்து விமானங்களில் பிராணவாயு அடைத்து வைத்திருந்தவை, தெங்கேராவில் பழைய இரும்புக் கடைக்காரரிடம் குவிந்து கிடந்தன. அவற்றை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூச்சு விடலாம் என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் படம் பார்த்தாராம். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். துரு நீக்குவார், வெந்நீர் ஊற்றிக் கழுவி உலர்த்துவார், கம்பியில் சின்ன பல்பைக் கட்டி உள்ளே இறக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மரச்சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் நிரப்பி, பம்பு அடித்து அழுத்தம் ஏற்றித் தாங்குகிறதா என்று பார்ப்பார். பத்தில் ஆறு தேறாது. தேறாததை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதென்று நடுவில் ஓட்டை போட்டுவிடுவார். அவ்வளவு ஈவிரக்கமில்லாதவர்.

இதெல்லாம் அவர் மனைவி சந்திரமதிக்குச் சம்மதம்தான். சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது கடைசிச் சோதனை.

ஒருமுறை அவர் கொடுத்த சிலிண்டரில் வால்வு சிக்கிக்கொண்டு, முக்குளிக்கப் போன ஆள் இருமிக்கொண்டே மேலே வந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அன்று முதல் எந்தச் சிலிண்டரையும் தான் மூச்சுவிட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். எங்கே? பின்கட்டுக் கிணற்றில். இடுப்பில் சங்கிலியைக் கனத்துக்குச் சுற்றி, மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டி, ரப்பர் குழாயை வாயில் கவ்வி, ஏணி வழியாக இறங்கி ஓர் ஆள் ஆழத்துக்கு முங்கி இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பார். நீச்சல் தெரியுமா என்றால், சுத்தமாகத் தெரியாது.

கயிற்றின் ஒரு நுனி அவர் இடுப்பில், மறு நுனி சந்திரமதி கையில். நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கீழேயிருந்து இழுக்க வேண்டும். அவள் அறுபது வரை எண்ணிக்கொண்டு நிற்பாள். முதல் தடவை பார்த்த செட்டி அம்மாள், புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் ஆள் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று தெருவையே கூட்டிவிட்டார். சந்திரமதிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இருபது நிமிடத்தில் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டும். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டு முப்பது, வெள்ளிக்கிழமை. விடிந்தால் நாட்டுக்குச் சுதந்திரம். சைக்கிளில்கூடக் கொடி கட்டி ஊரே அமர்க்களப்பட்டது. அன்று மத்தியானம் இப்ராஹீம் வந்து நின்றான். ஆற்றுமுகத்தில் தொங்காங் என்னும் சரக்குப் படகுகளுக்கு முக்குளித்துக் கொடுக்கிற பையன். தம்பிராஜாவின் சிலிண்டரைத் தவிர வேறெதையும் முதுகில் ஏற்றமாட்டான். அவன் மச்சானுடைய படகின் நங்கூரம் சங்கிலி அறுந்து எட்டுப் பாக ஆழத்தில், அதாவது எட்டு ஆள் ஆழத்தில், கிடந்தது. மறுநாள் காலை எடுத்துக் கொடுத்தால்தான் படகு கிளம்ப முடியும்.

காற்றடைக்கும் இயந்திரத்தைத் தம்பிராஜா எப்போதும் ஞாயிறுதான் ஓட்டுவார். அவசரம் என்பதால் வெள்ளி சாயங்காலமே கொட்டகையில் ஓடவிட்டார். அது காற்று உறிஞ்சும் குழாய் ஜன்னலோரம் இருந்தது. பக்கத்தில் யாரும் பீடி, சுருட்டு குடிக்கக் கூடாதென்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டியிருந்தார். உறிஞ்சுவதுதானே பிறகு மூச்சாக வரும்.

வெள்ளிக்கிழமை என்றால் சந்திரமதி விளக்கு வைத்ததும் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள். அன்றைக்கு விசேஷ நாள் வேறு. தணல் நிறையப் போட்டு, கொட்டகைக்கும் கொண்டுபோய், இயந்திரத்துக்கும் காட்டி, அவர் தொழில் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு தூபக்காலை ஜன்னலடியிலேயே வைத்துவிட்டு வந்தாள். தம்பிராஜா அதைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பீடி புகை என்று இருவருக்கும் தெரியும். சாம்பிராணியைப் புகை என்று நினைக்க இருவருக்குமே தோன்றவில்லை. தணலின் நஞ்சும் புகையும் சிலிண்டருக்குள் போய் அடைந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை இப்ராஹீம் வந்தபோது தம்பிராஜா இருமிக்கொண்டிருந்தார். நெஞ்சில் சளி.

“இன்னிக்கு ஒரு நாள் கிணத்துல இறங்காதீங்க” என்றாள் சந்திரமதி. “உங்க கைப்பட்ட சாமானுக்கு என்ன கேடு வந்திரப் போவுது?”

“அக்கா சொல்றது சரிதான்ணே. பாசாங்ல ஏறின கடல் தண்ணி இறங்கிப் போச்சுன்னா மச்சான் படகு நகராது. தாபா, பரவால்ல, குடுங்க, நான் பாத்துக்கிறேன்” என்றான் இப்ராஹீம்.

இரண்டு பேர் கெஞ்சினால் அவர்தான் என்ன செய்வார். சிலிண்டரைத் தூக்கி அவன் தோளில் வைத்தும் விட்டார். வாரை மாட்டும்போது கை நின்றது.

“இருபது நிமிசந்தான் தம்பி” என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

சந்திரமதி வந்த கோபத்தில் கயிற்றை வெடுக்கென்று பிடித்தாள். முதல் இழுப்பு வந்தது. ஐந்து வந்தது. எட்டாவது தாமதித்து வந்தது. ஒன்பதாவது இழுப்பு எலி கடித்த மாதிரி லேசாக இருந்தது. பத்தாவதற்கு அவள் அறுபது எண்ணி, எழுபது எண்ணி, அதற்கு மேல் எண்ணவில்லை.

“தம்பி, பிடி.”

இருவருமாக இழுத்தார்கள். கண் சொருகி, முகம் சிவந்து, ஏணியைப் பிடிக்கத் தெரியாமல் வந்தார். திட்டில் சாய்த்ததும் வாந்தி எடுத்தார். மண்டை பிளக்கிறது என்று சைகை காட்டினார். சந்திரமதி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். இப்ராஹீம் சிலிண்டரின் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து முகர்ந்தான். கிணற்றடி முழுக்கக் கோயில் வாசம் அடித்தது.

சந்திரமதிக்குத்தான் முதலில் புரிந்தது. “நாந்தாங்க. நேத்து சாயங்காலம் நாந்தான் காட்டுனேன்.”

“நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்” என்றார் அவர். “பீடின்னு எழுதுனவன் இதையும் எழுதியிருக்கணும்.”

“எட்டு பாகத்துல இத இழுத்திருந்தா நான் மேல வந்திருக்க மாட்டேன்” என்றான் இப்ராஹீம். கிணற்றுத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

காற்று முழுவதையும் திறந்துவிட்டார்கள். சிலிண்டரைக் கழுவி உலர்த்தி, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, அடுப்பைக்கூட அணைத்துவிட்டு மறுபடி நிரப்பி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. காலைத் தண்ணீர் போயே போய்விட்டது. சாயங்காலத் தண்ணீரில் படகு போகட்டும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு வந்தான் இப்ராஹீம். தம்பிராஜா எழுந்து நின்றார். நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நானே இறங்கிப் பாக்குறேன்ணே” என்றான் இப்ராஹீம்.

“கடல்ல இறங்கப் போறவன் நீ. உன்னை வச்சே சோதன பண்றதா?” என்றாள் சந்திரமதி. சேலையை வரிந்து கட்டி, சங்கிலியை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். துணிக் கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டினாள். கயிற்று நுனியைக் கணவர் கையில் கொடுத்தாள்.

“சந்திரா, வேணாம்.”

“எண்ணுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தம்பிராஜா எண்ணினார். தண்ணீர் மேல் குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன. அறுபது எண்ண அவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கண்டதில்லை. முதல் இழுப்பு வந்ததும் மூச்சு விட்டார். ஆறாவதற்கு முன்பே கயிற்றைக் கையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டார். ஏழாவது வந்தபோது, “போதும் சந்திரா, வந்திரு” என்று கிணற்றுக்குள் குனிந்து சொன்னார். தண்ணீருக்கடியில் அது யாருக்குக் கேட்கும்? அவள் இருபதும் இருந்துவிட்டுத்தான் வந்தாள்.

“சுத்தமா இருக்கு தம்பி, எடுத்துக்கிட்டுப் போ.”

இப்ராஹீம் போன பிறகும் தம்பிராஜா கயிற்றை விடவில்லை. அது உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“இத்தன வருசமா நீ இப்படித்தான் நின்னியா?” என்றார்.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டுச் சந்திரமதி முந்தானையைப் பிழிந்தாள்.